வேர் காட்டி நட்ட சவுக்கு

வித்துவான் தேர்வில் தேறிய கையோடு எனக்கு வாய்த்த முதல் வேலை, சவுக்கங்கன்றுகளை மேற்பார்ப்பது. பள்ளிகளில் தமிழாசிரியர் இடம் எதுவும் ஒழியவில்லை. ஒழியும்வரை வீட்டில் உட்கார்ந்து தமக்கையின் சமையலுக்குக் குற்றங்குறை கூறிக்கொண்டிருக்க வேண்டாமென்று, இராயபுரத்தில் விறகு விற்கும் தொட்டி வைத்திருந்த தம் நண்பரிடம் என் மாமன் என்னைக் கொண்டுபோய் விட்டார். நாடு விடுதலை பெற்று ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சென்னை நகரத்து அடுப்புகள் எல்லாம் அந்நாளில் சவுக்குக் கட்டையால் எரிந்தன.

தொட்டி முதலாளி மரத்தைக் கிடந்த கோலத்தில் மட்டுமே அறிந்தவர். அந்தக் கோலத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை. கட்டையை விரலால் தட்டி ஈரம் சொல்வார். முகர்ந்து பார்த்து அது வெட்டப்பட்ட தோப்பைச் சொல்வார். நிற்கின்ற மரத்தை, அதிலும் முழங்கால் உயரத்தில் நிற்கின்ற மரத்தை, அவர் தம் வாழ்நாளில் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பிறர் தோப்புக் கட்டையை வாங்கி விற்பதைவிடத் தாமே ஒரு தோப்பு வைத்தால் என்ன என்று தோன்றியதும், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்வெளியைக் குத்தகைக்கு எடுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டபோது நான் அகப்பட்டேன். சவுக்கைப் பற்றி நான் அறிந்ததெல்லாம், மலைநாட்டு ஊசியிலை மரங்களுக்கு அது தூரத்து உறவு போலத் தோன்றும் என்பதும், அதன் கீழே நின்றால் காற்றின் ஓசை நன்றாக இருக்கும் என்பதுமே.

தோப்பை உண்மையில் உண்டாக்கியவர்கள் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் எண்மர். மணலில் சவுக்கு தானாக வளர்ந்துவிடாது. முதலாண்டுக் கோடை முழுவதும் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தால் நீர் வார்க்க வேண்டும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு குடம் சுமந்து, ஊற்றுக் குழிக்கும் வரிசைக்கும் அவர்கள் நாள் முழுவதும் நடப்பார்கள். கடல் சீறி ஆண்கள் கட்டுமரம் தள்ள முடியாத மாதங்களில் எட்டு வீட்டு உலையும் இந்தத் தண்ணீரால்தான் கொதித்தது. அவர்களுக்குத் தலைமை தாங்கியவளை எல்லாரும் மேஸ்திரி என்றார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். நாற்றங்காலில் விதை தூவியதும், கன்று பிடுங்கி நட்டதும், எந்த வரிசைக்கு எவள் என்று பிரித்துக் கொடுத்ததும் அவள்தான். திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை எந்தத் தோப்பில் நடவு என்றாலும் இந்த எண்மரையும் சேர்த்தே கூப்பிடுவார்கள். அவள் கைக்கு அப்படியொரு பேர் இருந்தது.

எனக்கு அவள் வைத்த பேர் வாத்தியார். பள்ளிக்கூடத்தையே எட்டிப் பாராத வாத்தியார் என்பதில் அவளுக்கு ஒரு மகிழ்ச்சி.

வெறுமனே குடை பிடித்துக்கொண்டு நிற்பதற்கா இத்தனை ஆண்டு படித்தோம் என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. தோப்புக்கு என்னால் ஆனதொரு நன்மையைச் செய்ய வேண்டும் என்று எண்ணினேன். செய்தும்விட்டேன். எரு! நான் படித்த ஏடுகள் உழவுக்கு அதைத்தான் சொல்லியிருந்தன.

இராயபுரத்து வண்டிப்பேட்டையில் துறைமுகத்துக்குச் சரக்கிழுக்கும் மாடுகளின் சாணம் குவியல் குவியலாகக் கிடந்தது. விறகும் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும் படகுகள் கால்வாயில் வெறுமையாகத் திரும்பி வந்தன. இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவன் நான் ஒருவனே என்பதில் எனக்குப் பெருமிதம் தாங்கவில்லை. ஆவணியிலிருந்தே சாணத்தைப் படகில் வரவழைத்துக் கரையோரம் குவித்தேன். அது போகிற வழியிலெல்லாம் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"வாத்யாரே, இன்னா நீ, அரிசி மூட்ட ஏத்துன படகுல இத்தப் போய் ஏத்தச் சொல்றே? என் பொண்டாட்டி என்ன வூட்டுக்குள்ள வுட மாட்டேன்றா" என்றான் படகோட்டி.

"எருவில்லாத நிலம் எலும்பில்லாத உடம்பு" என்று நான் அப்போதைக்கு ஒன்றை உண்டாக்கிச் சொன்னேன்.

"அப்ப இதுவரிக்கும் இந்தக் கரைல வளந்த சவுக்கெல்லாம் எலும்பில்லாமயா நிக்குது?" என்றாள் அருகிலிருந்த மேஸ்திரி. "மணல்ல சவுக்குக்குத் தண்ணி போதும் வாத்யாரே. அதுக்குப் போய் விருந்து வெக்கிறியே."

கார்த்திகையில் நடவு நடந்தது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கூடை எரு போட்ட பின்பே கன்று வைக்க வேண்டும் என்று நான் கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். எரு ஏற்றிய கடைசிப் படகு சேற்றில் தட்டி நின்றுவிட்டதால், வடக்கே இருந்த நான்கு வரிசைகளுக்கு மட்டும் எரு இல்லாமற்போயிற்று. அந்த நான்கு வரிசைகளையும் பார்க்கும்போதெல்லாம், பந்தியில் இலை கிடைக்காமல் நிற்கும் குழந்தைகளைப் பார்ப்பதுபோல் எனக்கு இரக்கமாக இருக்கும்.

தை பிறந்ததும் கன்றுகள் வெளிறத் தொடங்கின. முதலில் நுனி மஞ்சளானது. பிறகு தலை சாய்ந்தது. பிறகு துடைப்பக் குச்சிபோலக் காய்ந்தது. மேஸ்திரி நாளுக்கு ஒரு குடம் கூட்டினாள். கூட்டக் கூட்டச் சாவும் கூடியது. நான் முதலாளிக்கு ஆள் விட்டேன்.

அவர் மறுநாளே குதிரை வண்டியில் வந்து இறங்கினார். மணலில் செருப்புப் புதையப் புதைய வரிசைக்குள் நடந்து, காய்ந்த கன்றொன்றைக் குனிந்து பிடித்துச் சற்றே இழுத்தார். அது வெண்ணெயில் செருகிய கத்திபோல வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. ஒரு நூல்கூட இல்லை. அடுத்ததை இழுத்தார், அதற்கும் இல்லை. கழுத்தறுத்தாற்போல அடி மழமழவென்று இருந்தது.

இருபதாண்டுகளாகக் கட்டையையே பார்த்த கண். வேரில்லாத மரத்தைக் கண்டதும் அவருக்குத் தோன்றக்கூடிய எண்ணம் ஒன்றுதான்.

"இன்னாமே இது?" என்றார் மேஸ்திரியிடம். "நான் கன்னு வெக்கச் சொன்னா நீ கொம்ப ஒடச்சி சொருவி வெச்சிக்கீறே?"

"மொதலாளி, வார்த்தய அளந்து பேசு. நாத்தாங்கால்ல வெத போட்டவ நானு. ஒவ்வொண்ணும் வேரோட புடுங்கி வேரோட நட்டுக்கீறேன்."

"வேரு எங்கே? காட்டு."

"அதான் எனக்கும் தெரியல. ஆனா கொம்ப சொருவுனா ரெண்டு மாசம் பச்சயா நிக்குமா? ஒன் தொட்டில அடுக்கி வெச்சிக்கீறியே, அதுல எந்தக் கட்டயாவது துளுத்துக்கீதா?"

"மண்ணு ஈரத்துல நின்னிருக்கும். கட்ட விசயத்துல எனக்கே கத பண்ணாதே. நெசமான கன்ன வேற தோப்புக்குக் குடுத்துட்டு எனக்குக் குச்சிய நட்டுட்டே. ஏமாத்திட்டே." வண்டியை நோக்கித் திரும்பினார். "வெள்ளிக்கெயம வரேன். அதுக்குள்ள உண்மய ஒத்துக்கோ. இல்ல, எட்டுப் பேரும் கெளம்பிகினே இருங்கோ."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஏமாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு குழியின் தலைமாட்டிலும் நின்றவன் நானல்லவா? அதை முதலாளியிடம் சொன்னேன். "நீ குயியத்தான் பாத்திருப்பே, குச்சிய எங்க பாத்தே?" என்று வண்டியேறிவிட்டார். அதுவும் உண்மை. எரு விழுகிறதா என்பதைப் பார்த்த ஆர்வத்தில் கன்றை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

பேச்சு கால்வாயைவிட விரைவாக ஓடியது. மறுநாளே அடுத்த தோப்புக்காரர் ஒருவர் வேலியருகில் வந்து, "குச்சி நட்ட மேஸ்திரி இந்தம்மாதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் தோப்பில் மாசி மாத வேலைக்கு இந்த எண்மரும் பேசப்பட்டிருந்தார்கள். மேஸ்திரி குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக் குழிக்கு நடந்தாள்.

புதன்கிழமை காலையில் அவள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யவில்லை. தோப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணீர் ஊற்றவில்லையா?" என்றேன்.

"குந்து, வாத்யாரே. காக்காவப் பாரு."

காக்கை சென்னைக்குப் புதிதா என்ன? பார்த்தேன். இருபது முப்பது இருக்கும். நடுவே மைனாக்களும் இரண்டு கொக்குகளும். கன்றுகளின் அடியில் நின்று மணலைக் கொத்திக்கொண்டிருந்தன.

"கடல்ல எங்க ஆளுங்க இன்னாத்தப் பாத்து வல வுடுவாங்கோ?" என்றாள். "பறவ எங்க எறங்குதோ அங்கதான். அடில மீனு இல்லாம பறவ தலகீயா வுயாது. அந்த நாலு வரிசயப் பாரு, ஒன் எரு வராத வரிச. ஒரு காக்கா கீதா?"

இல்லை. வடக்கே நான்கு வரிசைகளிலும் கன்றுகள் பச்சைப் பசேலென்று காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தன. பறவையொன்று தப்பித் தவறி அங்கே இறங்கியது. இரண்டு தரம் கொத்திப் பார்த்து, ஏமாந்த விருந்தாளியாய்ப் பறந்து மற்றப் பக்கம் சேர்ந்தது.

அவள் எழுந்துபோய், எரு வைத்த வரிசையில் பாதி வாடியிருந்த கன்றொன்றின் அடியில் கையை விட்டு மணலோடு அள்ளினாள். பழைய வலைத் துண்டொன்றில் அதைக் கொட்டி அரித்தாள். மணல் உதிர்ந்தது. வலையில் ஐந்தாறு புழுக்கள் தங்கின. கட்டைவிரல் பருமன், பால் வெண்மை, பிறை போல வளைந்த உடல், மாநிறத் தலை. கொழுத்த உடம்பைச் சுருட்டிக்கொண்டு, இடையூறு செய்தவர் யார் என்று கேட்பதுபோல அசைந்தன. அவற்றில் ஒன்றின் வாயில் வேர்த் துணுக்கு இன்னும் இருந்தது.

"இத்த நான் எங்கியோ பாத்துக்கீறேன்" என்றாள் மேஸ்திரி.

நானும்தான். படகிலிருந்து எருவை இறக்கும்போது கூடைக்குக் கூடை நெளிந்தவை இவையே. அப்போது படகோட்டி காட்டியபோது, எரு உயிருள்ளது என்பதற்கு இதுவே சான்று என்று அவனுக்கு விளக்கம் வேறு சொல்லியிருந்தேன். குழியில் சாணம் இருந்தவரை சாணத்தைத் தின்றிருக்கின்றன. அது தீர்ந்ததும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கின்றன. இளவேர் இருந்தது. பேட்டையில் பிறந்தவற்றைப் படகுக் கூலி கொடுத்து அழைத்துவந்து, ஒவ்வொரு கன்றின் காலடியிலும் கூடை கூடையாகக் குடியமர்த்தியவன் நான்.

முதலாளிக்கு உடனே ஓர் அறிக்கை எழுதுகிறேன் என்றேன். அன்று பிற்பகல் கீற்றுக் கொட்டகையில் அமர்ந்து எழுதினேன், நன்றாகவே வந்தது. மேஸ்திரி வாசலில் வந்து நின்று, "படி" என்றாள்.

படித்தேன். "நிலத்தின்கண் தோன்றிய ஒருவகை வெண்புழுக்கள் இளங்கன்றுகளின் வேர்களை அருந்தினமையால் இவ்வழிவு நேர்ந்ததேயன்றி, நடவு செய்தோர்பால் குற்றம் யாதுமில்லை."

"நம்ப பேச்சுல சொல்லு."

"மண்ணில் புழு வந்தது, வேரைத் தின்றது, உங்கள்மேல் தப்பில்லை."

அவள் சற்று யோசித்தாள். "புயு வந்துச்சு. சரி. எங்கேந்து வந்துச்சு?"

"அதெல்லாம் எழுதினால் அறிக்கை நீண்டுவிடும்."

"நீட்டு."

"இப்போதைக்கு உங்கள் பேர் நீங்கினால் போதாதா?"

"வானத்துலேந்து மயையோட வுயுந்துச்சுன்னு சொன்னா அந்த ஆளு நம்புவானா? கட்டய மோந்து பாத்து ஊரு சொல்றவன். 'இத்தினி வருசம் இந்தக் கரைல இல்லாத புயு இப்ப எப்டி வந்துச்சு'ன்னு கேப்பான். நீ முயிப்பே. திரும்ப என் தலைல வந்து வுடியும்." குரல் தணிந்தது. "என் மேல பயி போட அவனுக்கு ஒரு வார்த்த போதும்னு ஆச்சு. அத்த எடுக்கறதுக்கு ரெண்டு வரி நீட்ட ஒன்னால முடியாதா, வாத்யாரே?"

நான் தாளைத் திருப்பிப்போட்டு எழுதினேன்: "இப்புழுக்கள் இராயபுரம் வண்டிப்பேட்டையினின்றும் என் யோசனையின்படி, என் ஏற்பாட்டில், எருவுடன் படகேறி வந்தவை. வேண்டாமென்று மேஸ்திரி கூறியும் நான் கேட்கவில்லை." எழுதி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவள் அதையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். தாளைக் கையில் வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்து, கிட்டப் பிடித்துப் பார்த்து, என்னிடமே நீட்டினார். "பேஜாரு புடிச்ச தமிழா கீதே. வாயால சொல்லுய்யா."

தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றிருந்த எனக்கு அந்த இடமும் போயிற்று. எட்டுப் பெண்களும் குடத்தோடு வரிசையாக நிற்க, புழு என் எருவில் வந்தது என்று சொன்னேன். வலைத்துண்டில் இருந்த புழுக்களைக் காட்டினேன். வடக்கு வரிசைகளுக்கு அழைத்துப் போனேன். அங்கே அவர் ஒரு கன்றைப் பற்றி இழுத்தார். அது வரவில்லை. இரு கையாலும் பற்றிக் காலை உதைத்து இழுத்தார். கன்று வந்தது, கொத்து வேரும் அவர்மேல் கொட்டிய மணலும் கூடவே வந்தன, முதலாளி மணலில் அமர்ந்திருந்தார்.

அமர்ந்தபடியே அந்த வேரை நெடுநேரம் பார்த்தார். தொட்டிக்கு வரும் கட்டைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் இப்படியொன்று இருந்திருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஏட்டுல எரு போடச் சொல்லிக்கீதா?" என்றார் என்னிடம்.

"ஆம்."

"புயு பொறுக்கச் சொல்லிக்கீதா?"

"இல்லை."

"அப்ப அத்த நான் சொல்றேன். பொறுக்கு. இந்தம்மா சொல்ற மாரி பொறுக்கு." மேஸ்திரியின் பக்கம் முகத்தைத் திருப்பாமலே, "உம், வேலயப் பாருங்கோ" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

பெண்கள் கையைக் கொட்டிச் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "தப்புன்னு ஒரு வார்த்த சொன்னானா பாரு" என்றாள்.

தை முடியும்வரை நான் அவளுக்குக் கீழே வேலை செய்தேன். கன்றுகளின் அடியில் மணலை அள்ளி, வலையில் அரித்து, புழுவைக் கூடையில் போட வேண்டும். "வாத்யாரே, அந்த வரிசைல ஒண்ணு வுட்டுட்டே, காக்கா சிரிக்குது பாரு" என்று கரையிலிருந்தே அதட்டுவாள். கூடைப் புழுவைக் குப்பத்து ஆண்கள் மாலையில் வந்து தூண்டிலுக்கு வாங்கிப் போனார்கள். கழிமுகத்தில் கெளுத்தி அதற்கு மயங்கி வந்ததாம். ஒருநாள் எனக்கென்று ஒரு சட்டி குழம்பு வந்தது. நான் சைவம் என்றேன். "ஒன் எருதான் புயுவாச்சு, புயுதான் மீனாச்சு. ஒன் சாமானையே வேணாம்றியே" என்றாள். பாதிக் கன்றுகள் பிழைத்தன. மீதி இடம் அடுத்த மழைக்குக் காத்திருந்தது.

அவள் பேர் மட்டும் பிழைக்கவில்லை. அடுத்த தோப்புக்காரர் மாசி வேலைக்கு வேறு ஆட்களை அமர்த்திக்கொண்டார். புழுவின் கதையை நான் நேரில் போய்ச் சொன்னபோது, "மொதலாளியே குச்சின்னு சொன்னாரே, அவரு இல்லன்னு சொல்லலியே" என்றார். முதலாளியிடம் சொன்னேன். "அதான் வேலைக்கு வெச்சிருக்கேனே, அப்பறம் இன்னா?" என்றார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மறுநடவு. முதலாளி இம்முறை தாமே வந்திருந்தார். தோப்பு என்றால் அவருக்கு இப்போது ஒரு பாசம் வந்திருந்தது. மணலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். குடை பிடிப்பது என் பணி. எரு ஒரு கூடைகூட இல்லை. கால்வாய்க் கரையில் பக்கத்துத் தோப்பு ஆட்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அந்தத் தோப்புக்காரரும் அங்கிருந்தார்.

மேஸ்திரி முதல் கன்றை எடுத்தாள். குழிக்குப் போகவில்லை. அதன் வேரைக் குடத்து நீரில் அலசி, சொட்டச் சொட்ட முதலாளியின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மொதலாளி, வேரு கீதா?"

"கீது, கீது. நடு."

நட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது கன்று. அலசல். மூக்கு. "வேரு கீதா?"

"கீது."

பத்தாவது கன்று வரையில் முதலாளிக்கும் அது பிடித்திருந்தது. தம்மைக் கேட்காமல் ஒன்றும் நடப்பதில்லை என்ற நிறைவு. முப்பதாவதற்குமேல், "நீயே பாத்து நடு" என்றார். "அது எப்டி? நாளைக்கு நீ குச்சின்னு சொல்லுவே" என்றாள். ஏழு பெண்களும் கையில் கன்றோடு அவள் பின்னால் வரிசையில் நின்றுகொண்டார்கள். வெயில் ஏறியது. வேட்டியெல்லாம் நீர் சொட்டி நனைந்தது. நண்பகலில் அவர் கண் சொருகியபோது, குளிர்ந்த வேரொன்று கன்னத்தைத் தொட்டது.

"மொதலாளி, வேரு."

"கீதுன்னேனே!"

"பாக்காமயே சொல்றே. கண்ணத் தொறந்து பாத்துட்டு சொல்லு."

இன்னும் நூற்றுக்கணக்கான கன்றுகள் ஈரச் சாக்கின்கீழ்க் கிடந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார், வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் குடையின் கம்பியில் ஏதோ பழுது இருப்பதுபோல அதை ஆராய்ந்தேன்.

"இன்னாமே வேணும் ஒனக்கு?" என்றார் மெல்ல.

"எனக்கு இன்னா வேணும்? வேரு கீதான்னு கேட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "கீது. போன வருசமும் இருந்துச்சு. நீ ஏமாத்தல. நான்தான் தெரியாம சொல்லிட்டேன். தப்புதான்."

அந்தக் கன்றைக் கையில் வைத்தபடியே மேஸ்திரி கால்வாய்க் கரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமா சொல்லு, மொதலாளி" என்றாள். "கரைல கீறவங்களுக்குக் கேக்கல."

அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்று சொன்னார். கடல் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அதன்பின் நடவு, பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.